அரைப்பேர் விழுந்த நாள்

வயதான காலத்துக்கென்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சேமநிதி தொடங்கினார்கள். தொழிலாளி போடும் பணத்தோடு தோட்டமும் ஒரு பங்கு போடும். அந்தப் பங்கு யாருக்கு என்ற நிபந்தனையை எழுதும் வேலை, ஆபீஸ் கிளார்க்கான எனக்கு வந்தது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரை நாள் சம்பளம். அதை அரைப்பேர் விழுந்தது என்போம்; முழுச் சம்பளமென்றால் முழுப்பேர். முழுப்பேர் விழுந்த நாட்களை மட்டும் பார்த்துப் பங்கு கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கணக்குப் பார்க்க எனக்கு அதுதான் சுலபம்.

தோட்டத்து மேனேஜரான துரை அந்தக் காகிதத்தைக் கொழும்பில் முடிவாக்கக் கிளம்பிய காலை, தாய்மார் வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா வழியாகப் போனேன். வாசலுக்குக் கொழுந்துக்காரி லெட்சுமி கூடையோடு மூச்சிரைக்க வந்தாள்.

“வேலை நேரத்துல இங்க என்னம்மா?”

“புள்ளைக்குப் பால் குடுக்கணுங்க, கிளாக்கரய்யா. ஓடி ஓடி வந்தாலும் தெனமும் அரைப்பேருதான்.”

நான் எழுதியபடி பார்த்தால், கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கும் பங்கு கிடைக்காதே! கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தேயிலைக்குள் விழுந்தெழுந்து ஓடி, வளைவில் குறுக்கே நின்றேன். கார் முழங்காலில் இடித்து நின்றது.

“சாகப் போறதா, கிளாக்கர்? நானுஓயாவில ரயில் போயிரும்!”

லெட்சுமி சொன்னதைச் சொன்னேன். துரை இறங்கி, காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். ‘அரைப்பேர் விழுந்த நாளும் நாளே’ என்று காரின் முன்மூடி மேல் வைத்தே திருத்தினேன்.

இப்போதெல்லாம் எந்த நிபந்தனை எழுதுவதானாலும், முதலில் பிள்ளைக்காம்பரா வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் மேசைக்கு வருகிறேன்.