இறக்கத்தில் பார்த்து வாங்கிய வண்டி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஆறு பேருக்கும் சோறு போட்டது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற வேலை. கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதை ஏறி, எல்லை தாண்டி, மலையாளத்து முதலாளிமார் தோட்டங்களுக்குப் பெண்களைக் காலையில் கொண்டுபோய், மாலையில் அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முதலில் நானும் அவர்களோடு காய் எடுத்தவள்தான். பிறகு கங்காணி ஆனேன். அதற்குப் பிறகு சொந்த வண்டி வைத்தேன்.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் டீசல் வண்டியைப் பார்க்க என்னை அழைக்காமல் எங்கள் தெருவில் யாரும் வாங்கியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளும் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நான் கடைசியாக வாங்கிய வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

1. ஆறிக் கிடந்த இன்ஜின்

அந்த வருஷம் காய் எடுப்பு தொடங்கிய வாரத்தில் என் ஜீப்பின் அடிச்சட்டம், அதுதான் சேஸ், விரிசல் விட்டது. வெல்டிங் வைத்தவரே, இனி இதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். எட்டுப் பெண்கள் என்னை நம்பி இருந்தார்கள். பக்கத்து ஊர்க் கங்காணிதான் தன் ஜீப்பில் அவருடைய ஆட்களை விட்டுவிட்டு வந்து எங்களை ஏற்றிக்கொள்வார். தோட்டத்துக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும். தோட்டத்துச் சூப்பர்வைசர் நேராகவே சொன்னார்.

“திங்கக்கிழமைக்குள்ள வண்டி வரணும் சேச்சி. வரலைன்னா மேல்பக்கத்த வேற ஆளுக்குக் குடுத்துருவோம்.”

மேல்பக்கம் என்பது காய் நன்றாகப் பிடித்த பக்கம். அது போனால் எட்டுப் பேருக்கும் பாதி நாள் வேலை இருக்காது.

உத்தமபாளையத்தில் தவசம் தானியம் வியாபாரம் செய்கிற ஒரு ராவுத்தர் அண்ணன் தன் வண்டியைக் கொடுக்கப்போவதாக என் டிரைவர் மலைச்சாமி கேள்விப்பட்டு வந்தான். மலைச்சாமி பதினெட்டு வருஷமாக என்னிடம் ஓட்டுகிறவன். ஆர்.சி. புத்தகத்தில் ஸ்டேஷன் வேகன் என்று போட்டிருக்கும் நீள வண்டி. டிரைவரோடு பத்துப் பேர். பின்பக்க சீட்டு இரண்டும் எதிரெதிராக இருக்கும்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். விற்கிறவர் இன்ஜினைச் சூடேற்றி வைப்பதற்குள் போய்விட வேண்டும். போனதும் பானெட்டில் கை வைத்தேன். குளிர்ந்து இருந்தது.

ராவுத்தர் அண்ணன் டீயோடு வந்தார். “என்னக்கா, டீயக்கூடக் குடிக்காம வண்டியத் தடவுறீக?”

“டீ ஆறுனா சுட வச்சுக்கிரலாம்ணே. இன்ஜின் ஆறிக் கிடக்கறப்பதான் அதோட குணம் தெரியும்.”

முதல் சாவியிலேயே பிடித்தது. கொஞ்சம் கறுப்புப் புகை, பிறகு தெளிந்துவிட்டது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அது இல்லை. சூடான பிறகு ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினேன். உள்ளேயிருந்து காற்று அடிக்கவில்லை. காலடி மிதியடிகளை உருவிவிட்டுத் தகரத்தைத் திருகுபுளியால் தட்டினேன். துரு இல்லை. சேஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, புத்தகத்து நம்பரோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். எழுத்துத்தான் எனக்குத் தகராறு, எண் இல்லை.

“பொண்ணு பாக்க வந்தவுக கூட இம்புட்டுப் பாக்க மாட்டாக,” என்றார் அண்ணன்.

“பொண்ணு மெட்டு ஏற வேண்டியதில்லைல்ல,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, “நாளைக்கு முழுக்க வச்சு ஓட்டிப் பாருங்க. நானும் வாரேன்,” என்றார்.

2. ஏற்றம்

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குகிறவர் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: மெட்டு ஏறுமா? விற்கிறவரும் அதைச் சொல்லித்தான் விற்பார். நானும் முப்பது வருஷம் அதையேதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டுப் பெண்களையும் ஏற்றினோம். ராவுத்தர் அண்ணனுக்கு இடம் இல்லை. அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். வண்டி இழுத்த இழுப்பு இருக்கிறதே, ஒரு வளைவில்கூட முனகவில்லை. ஹீட் முள் பாதியைத் தாண்டவில்லை. தோட்டம் மெட்டு முனைக்குப் பக்கத்தில்தான். பெண்களை இறக்கிவிட்டு மலைச்சாமியும் நானும் இறங்கி வந்தோம். டீக்கடையில் வைத்தே, “முடிச்சுக்கிருவோம்ணே,” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசருக்கும் போன் போட்டு, திங்கட்கிழமை வண்டி வரும் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பெண்களைக் கூட்டிவர மேலே போனோம். திரும்புகையில் முன்சீட்டில் நெருக்கிக்கொள்ளலாம் என்று இந்த முறை ராவுத்தர் அண்ணனும் வந்தார். ஏழு பேர் தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். ராசாத்தி மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. அவள் என்னைவிட நான்கு வயது சிறியவள். கடைசி சீட்டில் கதவோரம்தான் எப்போதும் உட்காருவாள்.

“ஏன்க்கா, காலைல ஏறுனது நாங்க எட்டுப் பேரு. எறங்குனது யாரு?”

“வண்டிதான்.”

“வண்டியும் காத்தும். நாங்க அந்திக்கு எறங்குற ஆளுக. பாரத்தோட எறங்கையில இது என்ன பண்ணும்னு யாரு பாத்தா?”

எனக்குச் சுருக்கென்றது. “வண்டி பாக்க எனக்கு நீ சொல்லித் தாரியாடி?”

“சொல்லித் தரல. ஏறல. அம்புட்டுத்தான்.”

நான் மலைச்சாமியைப் பார்த்தேன். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, “கேக்குறது ஞாயந்தான் ஆத்தா,” என்றான்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. டிரம் சூடேறினால் பிடிப்பு விட்டுவிடும். செகண்ட் கியரில் போட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இறக்க வேண்டும். பின்னால் பாரம் தள்ளும்போதுதான் அந்தக் கியர் நிற்குமா, தெறிக்குமா என்று தெரியும். காலி வண்டியில் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். செய்யவில்லை.

3. எட்டு மூட்டைகள்

தோட்டத்தில் காலி உரச்சாக்கு கிடந்தது. நாற்றுமேட்டு மண்ணை அள்ளிப் போடச் சொன்னேன். ஆளுக்கு ஒரு மூட்டை, அவரவர் கனத்துக்கு. பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

“எனக்கு ரெண்டு கூடை கூடப் போடுங்கடி, மத்தியானம் கப்பைக் கெழங்கு தின்னுருக்கேன்.”

“செயாவுக்கு அரை மூட்டை போதும். காத்தடிச்சா தோட்டத்துக்கு அந்தப் பக்கம் போயிருவா.”

“எட்டுப் பொம்பளைகளையும் சாக்குல கட்டிப்புட்டீகளே அக்கா,” என்றார் ராவுத்தர் அண்ணன். அவரவர் உட்காருகிற இடத்தில் அவரவர் மூட்டையை வைத்தார்கள். ராசாத்தி தன் மூட்டையைத் தானே கொண்டுவந்து கதவோரம் வைத்தாள்.

மலைச்சாமி, நான், ராவுத்தர் அண்ணன் மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். முதல் மூன்று வளைவு ஒழுங்காக வந்தது. நான்காவது வளைவுக்கு முன்னால், செங்குத்தான இடத்தில், டக் என்று ஒரு சத்தம். கியர் கம்பி தானாக நடுவுக்கு வந்து ஆடியது. வண்டி குதித்து ஓடியது.

“ஆத்தா, கியர் தெறிச்சிருச்சு!”

மறுபடி போட்டான். பல் கடித்ததே தவிர விழவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான். கருகிய வாடை வந்தது. வளைவு வருவதற்குள் ஸ்டியரிங்கை ஒடித்து, மலைப்பக்க வாய்க்காலுக்குள் சக்கரத்தை இறக்கிவிட்டான். பாறையில் உரசிக்கொண்டே போய் வண்டி நின்றது.

எங்கள் மூவருக்கும் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு மூட்டைகள் எங்கள் சீட்டு முதுகில் வந்து சாய்ந்திருந்தன. கதவோரத்து மூட்டை தூக்கி எறியப்பட்டு, சீட்டுக் கம்பியில் மோதிக் கிழிந்திருந்தது. மண் கொட்டிக்கொண்டே இருந்தது.

ராவுத்தர் அண்ணன் இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். “சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் போயி வந்த வண்டி. சமதரையத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல.”

“நீங்க தெரியாம இருக்கலாம்ணே. நான் இருக்கலாமா?” என்றேன்.

மூன்று வளைவையும் நடந்தே ஏறினேன். பெண்கள் எட்டுப் பேரும் மெட்டு முனையில், பக்கத்து ஊர்க் கங்காணியின் ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள்.

“என்னக்கா, நடந்து வாரீக?” என்றாள் ராசாத்தி.

“வண்டி வாய்க்கால்ல நிக்குது. உன் மூட்டை கிழிஞ்சு போச்சுடி.”

கப்பை தின்றேன் என்று சிரித்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராசாத்திதான் மெதுவாகச் சொன்னாள். “மண்ணுதானக்கா. அள்ளிப் போட்டுக்கிரலாம்.”

எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன். “நீ சொன்னதுதான் சரி. நான் பாக்கல.” கங்காணியாக இருந்த இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

4. மேல்பக்கம்

திங்கட்கிழமை வண்டி வராது என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். மேல்பக்கம் கை மாறிவிட்டது. அந்த முறை காய் எடுப்பு முடியும்வரை எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நான்கு பேர் ஒரு நாள், நான்கு பேர் மறுநாள் என்று மாற்றி மாற்றிப் போனார்கள். வேறு கங்காணியிடம் போகிறவர்கள் போகலாம் என்றேன். ஒருத்தி போனாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வண்டியை நான் விடவில்லை. இன்ஜினும் உடம்பும் நன்றாக இருந்தன. தேனியில் கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது செகண்ட் கியர் பல் முனை மழுங்கிக் கிடந்தது. புதிது போட்டு, பிரேக்கையும் பிரித்துச் செய்த பிறகு, மறுபடி அதே கனத்துக்கு மூட்டை கட்டி இறக்கினோம்.

பெண்கள் ஏறுகிற அன்றைக்கு ராசாத்தி என்னைக் கேட்கவில்லை. மலைச்சாமியைத்தான் கேட்டாள்.

“எத்தன தடவ எறக்குன?”

“மூணு.”

“மூட்டை?”

“நகரல.”

ஏறி, கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். அந்த வண்டியில்தான் நான் வேலையை விடுகிற வரைக்கும் போய் வந்தோம்.

பழைய வண்டி வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். புகையைப் பாருங்கள், ஆயிலைப் பாருங்கள், நம்பரைப் பாருங்கள். அதோடு, அந்த வண்டியில் தினமும் ஏற்றமோ இறக்கமோ எந்த நடைக்கு ஆள் இருக்குமோ அந்த நடையில், அந்தக் கனத்தோடு ஓட்டிப் பாருங்கள். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், கடைசி சீட்டில் உட்காரப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னதால்தான் எட்டுப் பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது என் பேத்தி கவிதா. நடுவில் ஓர் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, “அப்பத்தா, இத எழுதணுமா? ஒன்னயப் பத்தி எல்லாரும் பெருமையா நெனைக்கிறாக,” என்றாள்.

எழுது என்றேன். எழுதினாளா என்று எனக்குச் சந்தேகம்.

“ஏடி கவிதா, நான் பாக்கலன்னு அத்தன பேரு முன்னால சொன்னேன்ல, அந்த எடத்த வாசி பாப்போம். சத்தமா வாசி.”