ஒரு வேலை மட்டும் செய்யும் கருவி

தவராசா அண்ணை இந்த மாதத் தொடக்கத்தில் திருகோணமலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நான் கடை திறந்துகொண்டிருந்தபோது அவருடைய மனைவி யோகம் அக்கா போன் எடுத்தார். "அண்ணை போயிட்டார், தம்பி. கண்ணும் தெரியாமலே போயிட்டார்," என்றார்.

துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிரேன் நிழலில் ஆங்கிலத் துப்பறியும் கதையோடு இருந்தவர் என்றால் நினைவு வரும். ஓய்வுபெற்ற பின் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய கண்ணைப் பிடித்தது. அச்செழுத்து மங்கிவிட்டது.

லண்டனில் இருக்கும் மகள், எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க ஏதாவது அனுப்புவதாகச் சொன்னாள். புத்தகம் வாசிக்க மட்டுமான கருவியா, எல்லாம் செய்யும் பெரிய போனா என்பதுதான் கேள்வி. போன் விற்கிறவன் என்பதால் அண்ணை என்னிடம் வந்தார்.

"போனை எடுங்கோ அண்ணை. மகளோடை கதைக்கலாம், பாட்டுக் கேக்கலாம், கதையும் வாசிக்கலாம். பழுதானால் நான் திருத்துவன். மற்றதைத் திருத்த இந்த ஊரிலை ஆள் இல்லை. அதிலை தமிழும் தெரியாது."

"தமிழை அக்கா வாசிச்சுக் காட்டுவா, முதலாளி. நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்ட மாட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போனிலை கமரா இருக்கு. சோதனைச் சாவடியிலை அஞ்சு வேலை செய்யிற சாமானுக்கு அஞ்சு கேள்வி. ஒரு வேலை செய்யிறதுக்கு ஒரு கேள்விதானே."

அந்தக் கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. கருவி வந்தது. லிங்கநகர் வீட்டில் அவர் மறுபடி வாசிக்கத் தொடங்கினார். சோறு ஆறுவதாக அக்கா முறைப்பட்டார்.

ஒருநாள் கண் கிளினிக்குக்கு அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். காத்திருக்கும் நேரத்தில் வாசிக்கக் கருவியையும் கொண்டுவந்தார். சாவடியில் என் போனை வாங்கிய சிப்பாய், தன்னிடமும் அதே போன் இருப்பதாகச் சிரித்துத் திருப்பித் தந்தான். அண்ணையின் கருவியை அவன் முன்பு கண்டதில்லை.

"இதிலை கதைக்க ஏலுமா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஏலாது."

"படம் எடுக்க?"

"ஏலாது. வாசிக்க மட்டும்தான். மகள் லண்டனிலை இருந்து அனுப்பினவள்," என்று அண்ணை நல்ல சிங்களத்தில் சொன்னார்.

"வேறொண்டும் செய்யாததை ஆர் வெளிநாட்டிலை இருந்து அனுப்புவான்?"

அவரை இறக்கிச் சாவடிக்குள் இருத்திவைத்தார்கள். பின்னேரம் அவரை விட்டார்கள். கருவியைச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். பலமுறை போய்க் கேட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். என் கடையிலிருந்து ஒரு போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இனி எவ்வளவு பெரிசாக்கினாலும் ஏலாது, முதலாளி. அவங்கள் சோதிச்சு முடிக்கிறதுக்குள்ளை கண் முடிஞ்சுது."

அதன்பிறகு அவர் வாசிக்கவில்லை. கதிரையில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். நாங்கள் எதைத் தெரிந்தெடுத்தாலும் முடிவு செய்கிறவர்கள் வேறு ஆட்கள் என்பதைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று, அக்கா அந்தக் கருவியின் தோல் உறையையும் சார்ஜர் வயரையும் என்னிடம் தந்தார். இந்த ஊரில் வேறெந்தச் சாமானுக்கும் அவை பொருந்தாது. விலை கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார். கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம்: அவை என் கடைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும், நான் விற்கக்கூடாது, கருவி திரும்பி வந்தால் காசில்லாமல் அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும்.