நானே அச்சிட்ட இதயம்

அம்பத்தூர் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று, கைப்பேசியில் யாருடனோ பேசுவதுபோல நடிப்பேன். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது தொழிற்பேட்டையில் ஒரு முப்பரிமாண அச்சுக்கூடத்தில். கணினியில் வரும் வடிவத்தை இயந்திரம் படலம் படலமாக அடுக்கிப் பொருளாக்கும். பம்ப் உதிரிபாகம், பொம்மை, எப்போதாவது ஆஸ்பத்திரிக்கு எலும்பு மாதிரி. முதலாளி கரையான்சாவடி ரஃபி பாய். எனக்கு முதலில் வைத்தியம் சொன்னவரும் அவர்தான்.

"வாயுவா கீது தயா. ஒரு இஞ்சி சோடா உடு, சரியாப் பூடும்."

குடித்தேன். ஏப்பம் வந்தது, மூச்சு வரவில்லை.

ஒருநாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் மனைவி கோமதி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடித்துப் பார்ப்பது) எடுத்தார்கள். எனக்கு ஏ.எஸ்.டி. (இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே இருக்கும் ஓட்டை). கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றையும் அந்த ஓட்டையோடுதான் நடத்தி முடித்திருக்கிறேன்.

இதய அறுவை மருத்துவர் ஒரு பெண். இரண்டு வழி சொன்னார். தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக, குடைபோல விரியும் ஒரு மூடியை அனுப்பி ஓட்டையை அடைக்கலாம். சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடலாம். அது முடியாவிட்டால் மார்பைத் திறக்க வேண்டும். எந்த வழி என்று முடிவுசெய்ய, ஸ்கேனை வைத்து என் இதயத்தை அச்சிட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். எங்கே அச்சிடுகிறீர்கள் என்று கேட்டேன். எங்கள் கூடத்தில்தான்.

"அப்ப உங்க ஹார்ட்ட நீங்களே போட்டுக் கொண்டாந்துடுங்க," என்று சிரித்தார்.

போட்டேன். ரஃபி பாய் அன்று ரேடியோவை அணைத்துவிட்டு, கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். எட்டிப் பார்க்க வந்த பக்கத்துப் பட்டறைக்காரர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். ரப்பர்போல வளையும் பிசினில் என் இதயம் வந்தது. அச்சாகும்போது சரியாமல் தாங்கிய குச்சிகளை வெட்டி, கழுவி, வழவழவென்று தேய்த்தேன். அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததே இல்லை. கர்வமாகவே இருந்தது.

டாக்டர் அதைத் திறந்து ஓட்டையில் மூடியை வைத்தார். விழுந்தது. பெரிய மூடியை வைத்தார். அதுவும் விழுந்தது. மூடி பற்றிக்கொள்ளச் சுற்றிலும் விளிம்பு வேண்டுமாம். எனக்கு ஒரு பக்கம் விளிம்பே இல்லை.

"மார்பைத் திறந்துதான் செய்யணும்."

என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"டாக்டர், அந்த எடத்துல அச்சு சரியா வுழல. பிசினு பழசு. மிசினும் அன்னிக்கு ஆடிச்சு. நான்தான் பராக்கு பாத்துகினே தேச்சுட்டேன், அதுல விளிம்பு பூட்ச்சு."

கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் டாக்டர். ஊட்ல ஒரு ஆணி அடிக்கவே ரசமட்டம் வெச்சுப் பாத்துகினு நிப்பாரு. இவரு வேலைல தப்பே வராது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் வேலையைப் புகழ்ந்தது அன்றுதான். அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை அவளுக்கு.

நான் விடவில்லை. ரஃபி பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அச்சில் பிசகு என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஏம்பா, நம்ம கடை பீஸ நீயே நொட்ட சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார். அப்புறம் குரல் இறங்கியது. "பயப்படாத தயா. போய்ப் படு. நான் வந்து வெளியவே குந்திகினு கீறேன்."

டாக்டர் பொறுமையாகக் கணினியில் அளந்து பார்த்தார். ஸ்கேனுக்கும் அச்சுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. "ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க," என்றார். ஒரு பாராட்டைக் கேட்டு அழுகை வந்தது அன்றுதான்.

மாதிரியைப் பார்த்தே எங்கே வெட்டுவது, எவ்வளவு பெரிய ஒட்டு வேண்டும் என்று முன்னதாகத் தீர்மானித்திருந்தார்கள். பைபாஸ் இயந்திரத்தை (இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ரத்தத்தை ஓட்டுவது) மாட்டி, என் இதயத்தை நிறுத்தி, இதய உறையிலிருந்தே ஒரு துண்டெடுத்துத் தைத்தார்கள். கண் விழித்தபோது, "நீ போட்ட பொம்மைல இருந்தது அப்டியே உள்ளயும் இருந்துச்சாம்யா," என்று கோமதி அழுதாள். நானும் அழுதேன். தையல் வலித்ததால் கொஞ்சமாக அழுதேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பயத்துக்கு வெட்கப்படாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் தும்மல் வந்தால் தலையணையை மார்போடு இறுக்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு இன்னோர் இதயம் வந்தது. கைக்குழந்தையுடையது, எலுமிச்சம்பழம் அளவுதான். வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றார் பாய். நானே போடுகிறேன் என்றேன். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் இப்போது என் துடிப்பு எனக்குக் கேட்கிறது, முன்பெல்லாம் கேட்டதில்லை. அது நின்றுபோயிருந்த நேரம் மட்டும் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தை எனக்காக வெளியே உட்கார்ந்து கழித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அச்சு முடிந்ததும் குழந்தையின் இதயத்தை எடுத்துக் கழுவினேன். ஓட்டை இருந்தது, என்னுடையதைப் போலவே ஒரு பக்கம் விளிம்பில்லாமல். விளக்கைக் கிட்டே இழுத்து, என் கை எங்காவது பிசகியிருக்காதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.