ரங்கன் ஜீப்பில் முன்பணம் கிடையாது

ஜமுனாமரத்தூரில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று இந்த மலையில் உலுக்குகிற புளியில் பாதி, என் கிடங்கில் தங்கிவிட்டுத்தான் போளூருக்கு இறங்குகிறது. ஆனால் இப்போது எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை, அந்த மூட்டைகளை முப்பது வருஷமாக ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் ரங்கனைப் பற்றி. என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், அதைத் தவிர்க்க முடியாது.

ரங்கன் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போது காசு வாங்க மாட்டான். ஊர் போய் இறங்கின பிறகுதான் கை நீட்டுவான். மலைக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் ஏறினவுடனே நூறு ரூபாயை நீட்டினார்.

"உள்ள வைங்க சார். போளூர் போய்ச் சேர்ந்ததும் குடுங்க" என்றான் ரங்கன்.

"இப்பவே வாங்கினா இன்னாப்பா?"

"வண்டி நடுவழியில நின்னு போச்சுன்னா, வாங்கின காசுக்கு உங்கள நான் முதுகுல தூக்கினு போவணும். நீங்க வேற வெயிட்டா கீறீங்க."

இறங்குகிற கூட்டத்தில் நாலு பேர் காசு கொடுக்காமல் நழுவிவிடுவார்கள். பிரசவ வலியோடு ஏறுகிறவர்களிடம் அவன் கேட்பதே இல்லை. அவன் மனைவி அம்சவல்லி இதற்காகத் திட்டாத நாள் கிடையாது.

இந்த வருஷம் மாசி மாதம், ஜீப் மேலிருந்து என் மூட்டையை இறக்கும்போது வழுக்கி விழுந்தான். இடது தொடை எலும்பு முறிந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காப்பீடு போக இன்னும் ஒன்றே முக்கால் லட்சம் தேவைப்பட்டது. ஒரு வாரத்துக்குள் கம்பி வைக்காவிட்டால் கால் குட்டையாகிவிடும் என்றார் டாக்டர். இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். அது போனால் ரங்கனுக்கு ஜீப் இல்லை.

மூட்டை என்னுடையது என்பதால் ஐம்பதாயிரம் நான் கொடுத்தேன். மற்ற பணமெல்லாம் கிடங்கில் புளியாகக் கிடந்தது. மீதிக்கு வழி சொன்னவள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அருணா. இணையத்தில் நிதி திரட்டித் தரும் தளங்கள் இருக்கின்றனவாம். ஒன்றைத் தேடி எடுத்தாள். அது போலீஸ் ஸ்டேஷனை விட மோசமாக இருந்தது. டாக்டர் கையெழுத்து போட்ட கடிதம் கேட்டார்கள், செலவுக் கணக்கு கேட்டார்கள், ஆதார் கேட்டார்கள். ரங்கன் தன் வாயால் சம்மதம் சொல்லும் வீடியோவும் வேண்டுமாம். போதாததற்கு ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு விசாரிப்பார்களாம்.

"நான் சொன்னா போதாதா? போளூர் மண்டியில என் பேரைச் சொல்லிப் பாரு" என்றேன்.

"மண்டியில போதும் பெரியப்பா. பணம் போடறவங்க டெல்லியில, துபாய்ல கீறாங்க. அவங்களுக்கு உங்க பேரு இன்னா தெரியும்?" என்றாள் அருணா.

எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் நானே ஒரு வேலை செய்தேன். ரங்கனின் கட்டுப் போட்ட காலைப் படம் எடுத்து, என் போன் நம்பரைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸப் குழுக்களிலும் போட்டேன். மறுநாளே ஒருவன் கூப்பிட்டான். எவ்வளவு மரியாதை தெரியுமா! முதலாளி ஐயா, உங்களைப் போல் பெரிய மனிதர் சொன்னால் காகிதமே வேண்டாம் என்றான். மூன்று நாளில் பத்து லட்சம் வருமாம். பதிவுக் கட்டணம் எட்டாயிரத்து ஐந்நூறு மட்டும் முதலில் அனுப்ப வேண்டுமாம்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலூருக்குப் போனேன். நல்ல சேதியை நேரில் சொல்ல வேண்டாமா? சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் மறுபடி கூப்பிட்டான்.

"அதை இப்படிக் குடுண்ணே" என்று படுத்தபடியே போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான் ரங்கன். "சார், அந்த எட்டாயிரத்தி ஐந்நூறை வர்ற பத்து லட்சத்துல கழிச்சிக்கோங்க."

"அது ரூல்ஸ் கிடையாது சார். முதல்லயே கட்டணும்."

"சரி. ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியிலனு தெரியுமா?"

"எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் பரவால்ல சார்."

"அடிபட்டவன் பேரு?"

அவன் அதைக் காதில் வாங்காமல், "முதலாளி ஐயாகிட்ட குடுங்க" என்றான்.

"முதலாளிய தெரியுது, கால் ஒடைஞ்சவன் பேரு தெரியலியே" என்றான் ரங்கன். போன் கட்டாகிவிட்டது.

அம்சவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி காசு கேக்கறவன்கிட்ட வண்டியே இருக்காது" என்றான் ரங்கன். "அருணா சொன்ன ஆளுங்க அவங்க கூலிய எப்ப எடுப்பாங்க?"

அருணாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சேருகிற பணத்தில்தான் நூற்றுக்கு இவ்வளவு என்று பிடிப்பார்களாம், அதைத் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். மீதி யார் கைக்கும் வராமல் நேரே ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போய்விடுமாம்.

"எறங்கும்போது வாங்கறாங்க. அவங்க வண்டியிலயே போலாம்" என்றான் ரங்கன். கேட்ட காகிதத்தையெல்லாம் அன்றே கொடுத்தோம். வார்டு வார்டாக அலைந்து கையெழுத்து வாங்கினவன் நான்தான். குழுக்களில் போட்ட என் நம்பரை அழித்துவிட்டு, அருணா கொடுத்த இணைப்பை மட்டும் போட்டேன்.

டாக்டர் சொன்ன வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே தொகை நிரம்பியது. துபாயிலிருந்தும் வந்தது உண்மை. ஆனால் பாதிக்கு மேல் இந்த மலைக்காரர்கள் போட்டது. ஒருத்தி, 'என் மகளைப் பெற்ற அன்றைக்குத் தராத ஜீப் காசு' என்று எழுதி இரண்டாயிரம் போட்டிருந்தாள். அம்சவல்லி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதன் பிறகு அந்தத் திட்டு குறைந்துவிட்டது.

கம்பி வைத்தார்கள். ஆவணியில் ரங்கன் மறுபடியும் கிளட்ச் மிதித்தான். இப்போது யார் நன்கொடை என்று வந்தாலும், அடிபட்டவன் பேரென்ன, பணம் எந்தக் கணக்குக்குப் போகும், உன் கூலியை எப்போது எடுப்பாய் என்று கேட்கிறேன். மண்டியில் இதை நானே யோசித்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். ரங்கன் பக்கத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன்.