துப்பாக்கிக்குக் குளிராது

பமியோக் வாயைத் திறந்தால் வடதுருவக் கரையில் இருக்கிற எங்கள் ஊர் வேட்டைக்காரர் சங்கத்தில் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அறுபத்தெட்டு வயது, பதினாலு வருடமாகத் தலைவர். ஊரில் எல்லோரையும் ஒரு தடவையாவது திட்டியிருக்கிறார். இகுப்தாக்கை மட்டும் திட்டியதில்லை. அவள் உள்ளே நுழைந்தால் "வாங்கண்ணே" என்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிடுவார்.

இகுப்தாக் நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை. ஆள் குட்டை, குரல் பெரிசு. இருபது வருடம் வீடு வீடாகத் தண்ணீர் நிரப்பும் லாரியை ஓட்டியவள். பமியோக்கின் அண்ணன் கரடி அடித்துச் செத்துப்போன மறுவசந்தத்தில் அவள் பிறந்தாள். அவன் பெயரை அவளுக்கு வைத்தார்கள். பெயர் வந்துவிட்டால் ஆளே திரும்பி வந்த மாதிரிதான் எங்களுக்கு. தாயின் முதுகில், அங்கியோடு தைத்த பெரிய குல்லாய்க்குள் தூங்கிக் கிடந்த சிசுவை இருபது வயதுப் பமியோக் "அண்ணே" என்று கூப்பிட்டார். அவள் பேசக் கற்றதும் அவரைத் "தம்பி" என்றாள். கரிபூ மான் அடித்தால் நாக்கு அவளுக்கு. மீன் பிடித்தால் வயிற்றுக் கொழுப்பு அவளுக்கு. அவர் தலைவரான பிறகு, சங்கத்தில் நாலு பேர் முன்னால் தம்பி என்று கூப்பிடக் கூச்சப்பட்டு, "தலைவரே" என்று மாற்றிக்கொண்டாள். அதில் அவருக்குச் சொல்ல முடியாத வருத்தம்.

விரிகுடா உறைவதற்கு முந்தைய வாரங்கள் எங்களுக்குக் கரடிக் காலம். வெள்ளைக் கரடிகள் கோடை முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டுப் பனிக்கட்டிக்காகக் கரையில் காத்திருக்கும். காத்திருக்கிற வயிறு ஊருக்குள் வரத்தானே செய்யும்? போன வருடம் ஒரு நாள் காலை, பள்ளிக்கூட வாசலில் ஒன்று நிற்பதை இகுப்தாக் லாரியிலிருந்து பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாலர் வகுப்புப் பிள்ளைகள். அவளிடம் இருந்தது ஹாரன் மட்டும். அதை அழுத்திக்கொண்டே இருந்தாள். கரடி நிதானமாக, தானாக மனசு மாறிப் போனது. அந்தக் கதவைக் காக்கிற ஆள் தான்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

இந்த வருடம் கரடிக் காவல்காரர் முதுகுவலியில் ஓய்வு பெற்றதும் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த வேலையைக் கேட்டாள். பமியோக் அண்ணனுக்கு இல்லையென்று சொல்வாரா? சொல்லவில்லை. துப்பாக்கியில்தான் சண்டை வந்தது.

ஊருக்கு வெளியே சரளைக் குழியில் சங்கத்தார் கூடினார்கள். பமியோக் தன் முந்நூற்று எழுபத்தைந்து காலிபர் ரைபிளை நீட்டினார். யானையைக் கவிழ்க்கிற துப்பாக்கி. இகுப்தாக் மூன்று குண்டு சுட்டாள். மூன்றும் குழிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போய்ச் சேர்ந்தன. துப்பாக்கி தோளில் உதைத்ததில் அவளும் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தாள். பிறகு தன்னுடைய பழைய, சின்ன முந்நூற்றெட்டை எடுத்து, ஐம்பதடி தள்ளித் தொங்கிய தகரத் தட்டில் ஐந்துக்கு ஐந்து அடித்தாள்.

"அண்ணே, கரடி பெரிசு. துப்பாக்கியும் பெரிசா இருக்கணும்."

"குண்டு கரடி மேல படணுமா இல்லையா தலைவரே? உங்க துப்பாக்கியால நான் காக்காயைத்தான் பயமுறுத்துவேன்."

சங்கத்தில் இரண்டாவது ஆள் நிபிசார் சிரித்துவிட்டார். பமியோக் முறைத்ததும் சிரிப்பைத் தாடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"சின்னத் துப்பாக்கியை நம்பித்தான் நீங்க அன்னைக்குச் செத்தீங்க. மறந்துட்டீங்களா?" என்றார் பமியோக். செத்தவளிடமே கேட்கிற கேள்வி! ஆனால் எங்களில் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

"நான் எதையும் மறக்கல. முதல்ல சத்தம் மட்டும் வர்ற வெடித் தோட்டா போட்டு விரட்டுவேன். அதுக்கு ஷாட்கன். வேற வழியே இல்லைன்னா என் முந்நூத்தெட்டு. என் தோளுக்கு எது ஆகும்னு எனக்குத் தெரியும்."

கடைசியில் ஒரு நிபந்தனை எழுதினார்கள். மூன்று வாரம் சோதனை. அதற்குள் அவள் துப்பாக்கி ஒரு தடவை ஏமாற்றினாலும் பெரிசை எடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். அவள் ஒப்புக்கொண்டாள். வீட்டில் கணவன் சுலுக் அவள் தோளைப் பார்த்து, "கரடி எதுக்கு? அந்தத் துப்பாக்கியே உன்னைத் தின்னுடும் போலிருக்கே!" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் தடவிவிட்டான்.

அந்த நிபந்தனையோடு பமியோக் இன்னொன்றும் செய்தார். காவல் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பீரோ வந்திருந்தது. அதைச் சங்க அலுவலகத்துக்குள், கணப்புக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். தன் பெரிய துப்பாக்கியையும் அதிலேயே தயாராக வைத்தார்.

இகுப்தாக்குக்கு அது பொறுக்கவில்லை. "தலைவரே, இது சூடான அறை. குளிர்ல இருந்து வர்ற இரும்பு இங்க வேர்க்கும். மறுநாள் வெளியே போனா அந்த வேர்வை உள்ளேயே உறையும். நம்ம எல்லார் வீட்டுலயும் துப்பாக்கி சூடில்லாத வாசக் கொட்டகையிலதானே கிடக்கு? பீரோவையும் கொட்டகையில வைங்க."

பமியோக்கின் முகம் இறுகியது. "பீரோவோட வந்த காகிதத்துல பூட்டணும்னு போட்டிருக்கு."

"பூட்டணும்னுதான் போட்டிருக்கு. கதகதப்பா வைக்கணும்னு போடலையே!"

"அந்தப் பேச்சு வேண்டாம்ண்ணே" என்று எழுந்து வெளியே போய்விட்டார். ஐம்பது வருடம் வேட்டையாடின மனுஷன் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் இப்படி ஓடுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. வேலை கிடைத்ததே பெரிது என்று விட்டுவிட்டாள். அது அவள் தப்பு. அவளே பிறகு அப்படித்தான் சொன்னாள்.

இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. குளிர் இன்னும் பெரிதாக இறங்கவில்லை. ஏழு கரடிகளை வெடித் தோட்டாவாலேயே கரைக்குத் திருப்பினாள். ஒன்றுக்கும் காயமில்லை. பதினாறாம் நாள் திடீரென்று கடுங்குளிர். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பனியில் நனைந்த துப்பாக்கிகளை வழக்கம்போலப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பமியோக்கும் அன்று சரளைக் குழிக்குப் போய், கை மறக்காமல் இருக்க நாலு குண்டு சுட்டுவிட்டுத் தன்னுடையதை உள்ளே வைத்தார்.

மறுநாள் எட்டேகால் மணி. கிழக்கே வானம் அப்போதுதான் வெளுக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் கடல்நாய் இறைச்சி வைத்த பெட்டியை ஒரு இளம் கரடி புரட்டிக்கொண்டிருந்தது. விலா எலும்பு தெரிகிற பட்டினிக் கரடி. பாதையில் பதினொரு பிள்ளைகள் புத்தகப் பையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

ஏழு மணியிலிருந்து ரோந்து சுற்றிக்கொண்டிருந்த இகுப்தாக் நாலு சக்கர வண்டியிலிருந்து இறங்கி ஷாட்கன்னைத் தூக்கினாள். டிக். மறுபடி இழுத்தாள். டிக். அதைப் போட்டுவிட்டு முந்நூற்றெட்டைத் தோளில் வைத்தாள். அதுவும் செத்த சத்தம்தான். கரடி தலையைத் தூக்கிப் பிள்ளைகள் பக்கம் மூக்கை நீட்டியது. எதிரே, தன் பெரிய துப்பாக்கியோடு ஒரு மணி நேரமாக அலுவலக வாசலில் குளிரில் நின்றிருந்த பமியோக் ஓடி வந்தார், குறி பார்த்தார், இழுத்தார். யானையைக் கவிழ்க்கிற துப்பாக்கியும் டிக் என்றது.

இகுப்தாக் வண்டியில் தாவி ஏறினாள். ஹாரனை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் வேகத்தை முறுக்கி, நேராகக் கரடியைப் பார்த்து விட்டாள். கூடவே அந்தக் குரல். இருபது வருடம், தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து வைக்காத சோம்பேறிகளைத் திட்டிப் பழகிய குரல். "போடா! உன் அப்பன் வீட்டுச் சோறா இது? போடா கடலுக்கு!" கரடி ஒரு அடி முன்னால் வைத்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. நாலு கஜம் இருக்கும்போது கரடிக்கு மனசு மாறிவிட்டது. திரும்பி ஓடிற்று. புதுப் பனிக்கட்டி தொடங்குகிற இடம் வரை விடாமல் துரத்தி, அது தூரத்தில் மஞ்சள் புள்ளி ஆகும் வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். எங்களுக்கெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே குதூகலம்.

பமியோக் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி, உள்பாகத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தோட்டாவை அடிக்கிற ஊசியைச் சுற்றிப் பொடிப் பனி படிந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் கூப்பிட்டும் நிமிரவில்லை.

மத்தியானம் சங்கம் கூடியது. நிபிசார்தான் ஆரம்பித்தார். கெட்ட மனுஷன் இல்லை; எழுதினதை எழுதினபடி நடத்துகிறவர், அவ்வளவுதான்.

"கரடியை விரட்டினது பெரிய காரியம். ஆனா நிபந்தனைன்னா நிபந்தனை. துப்பாக்கி ஏமாத்திடுச்சு. தலைவர் என்ன சொல்றீங்க?"

இகுப்தாக் மேசையையே பார்த்தாள். பெரிசை எடுத்தால் அவளுக்குக் குறி தவறும், எடுக்காவிட்டால் வேலை போகும். லாரி வேறொருவன் கைக்குப் போயாயிற்று. அதைவிட, அந்தக் கண்ணாடிக் கதவு. நாளைக்குக் காலையில் அங்கே யார் நிற்பார்கள்? பமியோக் பேசாமல் தலையை ஆட்டினால் போதும், அவள் கதை முடிந்தது.

அவர் எழுந்து நின்றார். அவள் பக்கம் மட்டும் திரும்பினார்.

"அண்ணே, உங்க துப்பாக்கி சின்னதுங்கறதால நீங்க சாகல."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னார்.

"அந்த வருஷம்தான் நமக்கு முதல் முதலா பலகை வீடு குடுத்தாங்க. அடுப்பு போட்ட வீடு. பனி வீட்டுல வளர்ந்தவங்க நாம, அந்தச் சூட்டைப் பார்த்ததே இல்ல. உங்க துப்பாக்கி புதுசு. வெளியே குளிர்ல கிடக்கேன்னு எனக்கு மனசு கேக்கல. நீங்க தூங்கினப்புறம் உள்ளே கொண்டுவந்து அடுப்புப் பக்கம் வெச்சேன். விடியறதுக்குள்ள திரும்ப எடுத்துட்டுப் போய் இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். காலையில கரடி வந்துச்சு. டிக்னு சத்தம் கேட்டுச்சு. நாப்பத்தொம்பது வருஷமா துப்பாக்கி சின்னது, சின்னதுன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். இந்தப் பீரோவைப் பத்தி நீங்க பேசினதும் அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. கேக்கத் தைரியமில்லாம ஓடிட்டேன். இன்னைக்குப் பதினொரு பிள்ளைங்க. தப்பு துப்பாக்கிமேல இல்ல. என் மேல."

நிபிசார் தன் கையிலிருந்த நிபந்தனைக் காகிதத்தை மெதுவாக நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இகுப்தாக் எழுந்து அவர் பக்கத்தில் போனாள். தலை அவர் நெஞ்சுக்குத்தான் எட்டும். நிமிர்ந்து பார்த்து, பதினாலு வருடமாக வாயில் வராத வார்த்தையைச் சொன்னாள்.

"தம்பி."

பமியோக் சின்னப் பையன் மாதிரி விசும்ப ஆரம்பித்தார்.

"என் துப்பாக்கிக்குக் குளிருமேன்னுதானே உள்ளே கொண்டுவந்தே?"

"ஆமாண்ணே."

"அப்புறம் என்னடா? அதுக்கு யாராவது கோவிச்சுக்குவாங்களா?" என்று அவர் கன்னத்தைத் தன் கையுறையால் துடைத்தாள். "அழுதது போதும். அந்தப் பக்கம் பிடி. பீரோவைக் கொட்டகைக்குத் தூக்கணும்."

"சரிண்ணே" என்றார் பமியோக். குனிந்து தூக்கினார்.