கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தபோது

காலையில் ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். என்னோடு சோதனை செய்துவந்த சிவசைலத்தின் மனைவி போனில் கூப்பிட்டார். "அவிய போயிட்டாவ அண்ணாச்சி" என்றார். முந்தின நாள் மாலைதான் சிவசைலம் என்னிடம், "ஒரு சந்தேகம் இருக்கு வே, நாளைக்கு நேர்ல சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். துக்கத்தோடு கூடவே, அது என்ன சந்தேகம் என்ற பயமும் எனக்கு வந்தது.

பாளையங்கோட்டையில் எங்களோடு இயற்பியல் நடத்திய உங்களுக்கு அவருடைய பயங்கள் தெரியும். வள்ளியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகையில், லேசரை அணைத்தோமா என்று பார்க்க நாங்குநேரியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியவர். அணைத்துத்தான் இருந்தது. வெகுநாள் அதைச் சொல்லிக் கேலி செய்தேன். "பாக்காம எப்படி வே தெரியும்?" என்பார்.

எங்கள் சோதனை, ஒரே அச்சான இரண்டு ஒளித்துகள்களைப் பற்றியது. இடப்பக்கம் வருவதன் அதிர்வுத் திசையை அளந்தால், வலப்பக்கம் வருவதன் முறுக்கு, அதாவது அது திருகிக்கொண்டு போகும் விதம், அதற்கு இணங்கி நிற்க வேண்டும். ஒன்றின் ஒரு குணமும் மற்றதன் வேறொரு குணமும் பின்னிக் கிடக்கும் குவாண்டம் பிணைப்பு அது. எது எந்தத் துகள் என்று யாராலும் சொல்ல முடியாத வரைதான் அது இருக்கும். பேச்சுவாக்கில் நான் 'முதல் துகள்' என்றால் சிவசைலத்துக்குப் பொறுக்காது. "பேரு வைக்காதேயும். வச்சா அது ரெண்டு ஆளாயிரும்."

பிணைப்பு கிடைத்துவிட்டதாகவே நம்பினோம். கருத்தரங்கில் அறிவிப்பதாக இருந்தது. அவர் பேர் நிற்கும் என்று துக்க வீட்டில் உங்களில் பலர் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நான் அந்தச் சந்தேகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் அவர் மனைவியிடம் கேட்டேன். "கண்ணாடியத் தள்ளிப் பாக்கலையேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. சோறு எறங்கல" என்றார்.

புரிந்துவிட்டது. ஒரு துகளைத் திருப்பிவிடும் கண்ணாடியைச் சற்றுத் தள்ளினால் அது பிந்தி வரும். எது எது என்று தெரிந்துவிடும். பிணைப்பு அறுந்துபோக வேண்டும். தள்ளினால் மறுபடி நேராக்கப் பல வாரம் ஆகுமே என்று இருவரும் ஒத்திப்போட்டிருந்தோம்.

ஆய்வகத்துக்குப் போய்க் கண்ணாடியைத் தள்ளினேன். இணக்கம் அப்படியே நின்றது. நாங்கள் கண்டது பிணைப்பே அல்ல, கருவியில் ஏதோ கோளாறு.

கருத்தரங்கிலிருந்து விலகிவிட்டு அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"அப்பம் அவிய பயந்தது சரிதானா?"

"சரிதான்மா."

அந்தக் கோளாறை இனி நான் தனியாகத் தேட வேண்டும். நேற்று ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு பக்கத்து வண்ணாரப்பேட்டை வரை போனவன், லேசரை அணைத்தேனா என்று திரும்பி வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. சிவசைலத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம். இதை நான் விடப்போவதில்லை.