எஸ்தர் மதினியின் இசைத்தட்டு

மில் கேண்டீனில் டீயைக் கையில் எடுத்த நேரம், பாளையங்கோட்டையிலிருந்து போன் என்று வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். பேசியது ஜெபமணி அண்ணாச்சியின் மகள். "அப்பா போயிட்டாங்க சித்தப்பா. மாரடைப்பு." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தேடியது கிடைக்காமலே போய்விட்டாரே மனுஷன்!

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய கோபமும் தெரியும். எங்கள் பழக்கமே அடிதடியில்தான் தொடங்கியது. கேசட் வந்தபின், கல்யாண வீடுகளில் பாட்டுப் போடும் ரேடியோ செட் கடைக்காரர்கள் பழைய இசைத்தட்டுகளைச் சாக்கில் கட்டி அடிமாட்டு விலைக்குத் தள்ளிய காலம். டவுனில் சுடலைமுத்து கடையில் ஒரே தட்டை இரண்டு பேரும் பிடித்தோம். என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். "விடும்வே, நாந்தான் மொதல்ல பாத்தேன்!" நானும் விடவில்லை. தட்டு இரண்டாய் உடைந்தது. அப்புறம் சேர்ந்து போய் டீ குடித்தோம்.

"ஆசையக் காட்டிராதேயும்வே. காட்டினா கடைக்காரன் கழுத்த அறுத்துருவான்" என்பார். வேண்டிய தட்டை யாரும் கண்டு கொண்டுபோகாதபடி வேறு தட்டின் அட்டை உறைக்குள் செருகி, அதன் அட்டையில் ஒரு குப்பைத் தட்டைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். அடுத்த சனிக்கிழமை போய், நாலு குப்பையோடு சேர்த்து மொத்தமாக விலை கேட்பார்.

உண்மையில் அவர் தேடியது ஒன்றைத்தான். அவர் மனைவி எஸ்தர் மதினி கல்யாணத்துக்கு முன்பு வேதக்கோயில் பாடகர் குழுவோடு பாடிய தட்டு. வீட்டில் இருந்ததை ஒரு சண்டையில் அண்ணாச்சியே சுவரில் அடித்து நொறுக்கியிருந்தார். "நான் செத்த பொறவு இந்தச் சத்தத்தத் தேடி நாயா அலைவீங்க" என்றாராம் மதினி. மறு வருஷமே புற்றுநோய் மதினியைக் கொண்டுபோயிற்று.

ஒரு சனிக்கிழமை சுடலைமுத்து கடையில் அது அகப்பட்டது. அட்டைப் படத்தில் இருந்த மதினி முகத்தை அண்ணாச்சி விரலால் தடவினார். ஆனாலும் பழக்கம் விடுமா? வேறு அட்டைக்குள் ஒளித்து வைத்தார். "வாங்கிருங்க அண்ணாச்சி" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "இப்பம் என் மூஞ்சியப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவான்வே. அடுத்த வாரம் பைய வாங்கிக்கிடலாம்" என்றார்.

அந்த வாரமே சாதிக் கலவரம் வெடித்தது. பஸ் ஓடவில்லை. டவுனில் கடைகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று கேட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். நடந்ததைச் சுடலைமுத்து பிறகு எனக்குச் சொன்னார். கும்பல் தட்டுகளை அள்ளி வீசி மிதித்தது. மிச்சம் தீயில் தார் போல உருகி ஓடியது. உள்ளே பாய்ந்த அண்ணாச்சி ஒரு அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். எந்தப் பக்கத்து ஆள் என்றுகூடக் கேட்காமல் ஒருவன் அரிவாளை இறக்கினான். வலது கையின் இரண்டு விரல்கள் தெருவில் விழுந்தன. அட்டையை மட்டும் அவர் விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் சிரித்தார். "உருவும்வே அத." அட்டைப் படத்தில் மூன்றாவதாக மதினி, வாய் திறந்து பாடிக்கொண்டு. உருவினேன். உள்ளே ஏதோ நாடக வசனத் தட்டு. கடைப் புகைக்குள் மதினி முகத்தைக் கண்டதும் அவர் கை அந்த அட்டையைப் பிடுங்கிவிட்டது. பாட்டை வேறு அட்டைக்கு மாற்றியதே தான்தான் என்பது அந்நேரம் அவருக்கு நினைவில்லை.

தட்டைப் பறித்துக் கட்டில் கம்பியில் அடித்தார். சில்லு ஒன்றை எடுத்து நெற்றியில் கீறிக்கொண்டார். நானும் நர்ஸும் சேர்ந்துதான் அமுக்கிப் பிடித்தோம். முகமெல்லாம் ரத்தம். "வாயத் தொறந்துதாம்வே நிக்கா. அவ சத்தத்த ரெண்டு தடவ கொன்னுட்டேன்" என்று கத்தினார்.

மூன்று விரல் கையோடு சேரன்மகாதேவி, சீவலப்பேரி என்று ரேடியோ செட் கடை ஒன்றையும் அவர் விடவில்லை. எங்கும் கிடைக்கவில்லை.

அந்த அட்டையை மகள் என்னிடம் தந்திருக்கிறாள். ஓரம் கருகியிருக்கிறது, அவர் ரத்தமும் இருக்கிறது. இதை வாசிக்கும் யார் வீட்டுப் பரணிலாவது அந்தத் தட்டு கிடக்கலாம். அண்ணாச்சி கற்றுக்கொடுத்த பாடத்தை இந்த ஒரு தடவை மீறுகிறேன். எனக்கு அது வேண்டும். ஆசையாக இருக்கிறது. என்ன விலை சொன்னாலும் வேண்டும்.